இரவல் கால்

கூரையில் நிற்பதுதான் என் பிழைப்பு.
மார்கழிக்கு முன்பே தொடங்கிவிடும் தம்பெரேயின் பனியைத்
தகரச் சரிவுகளிலிருந்து வெட்டித்
தெருவில் தள்ளுகிறேன், பதினாறு குளிர்காலமாக.
இடுப்பில் பட்டை, பட்டையில் கொக்கி,
கொக்கியிலிருந்து புகைபோக்கி வரை கயிறு.
கீழே வெய்யோ விசிலோடு நிற்பான்.
ஓர் ஊதல்: ஆள் வருகிறது, நிறுத்து.
இரண்டு: தள்ளு.

மேல்வீட்டு இலாரி ஊருக்குப் புறப்படும்போது
விளையாட்டுப் பெட்டியை என் கையில் திணித்து
"உனக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு" என்றான்.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.

திரை வெளுத்தது.
உச்சி வெயிலில் ஒரு நகரம், நான் அதன் தலைமேல்.
முதலில் என் கால்களைத் தேடினேன்.
குனிந்தால் இருந்தன,
யாருடையதோ, மெலிந்து, சிவப்புக் காலணியில்.
சொந்தக் காலில் நில் என்பார்கள்.
இது இரவல் கால்.
பிறகு கொக்கியைத் தேடினேன்.
இல்லை.
கயிறு கட்டப் புகைபோக்கிகூட இல்லை.
அப்புறம்தான் உறுத்தியது:
இத்தனை கூரைகள், ஒரு பிடி பனி கிடையாது.
யார் கூட்டுகிறார்கள் இங்கே?
மணிக்கு என்ன தருகிறார்கள்?

ஓடு என்றது ஓர் அம்புக்குறி.
ஓடினேன்.
நான் ஒதுங்கிப் போகப் பழகியவை எல்லாம்
அங்கே வழியாக இருந்தன:
மழைக்குழாய், கண்ணாடிக் கூம்பு,
ஒருபோதும் மிதிக்காதே என்று
புதிதாக வருபவர்களிடம் நான் கத்தும் அந்தக் கடைசி அரையடி.
சுவர் வந்தால் சுவரிலேயே நாலு எட்டு.
ஒலிபெருக்கிக்குள் யாரோ மூச்சு வாங்கினாள்,
கொஞ்ச நேரத்தில்
என் மூச்சும் அவளுக்குப் பின்னால் ஓடத் தொடங்கியது.

பத்தாவது நிமிடம் தலை சுற்றியது.
பதினாறு குளிர்காலம் சுற்றாத தலை,
சோபாவில்,
தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில்.
சாப்பிட்ட கம்பு ரொட்டி தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்தது.
ஜன்னலைத் திறந்து
கொஞ்சம் நிஜக் குளிரை விழுங்கிவிட்டு
மறுபடி உட்கார்ந்தேன்.

அந்த இடைவெளி மட்டும் தாண்டவே மாட்டேன் என்றது.
கட்டைவிரல் பொத்தானை அழுத்துவதற்குள்
கால் விளிம்பைக் கடந்துவிடும்.
காற்று கிழியும். இரண்டு கைகள் முன்னால் துழாவும்.
தெரு பெரிதாகும், இன்னும் பெரிதாகும்,
படப்போகிற கணத்தில்
இருட்டு.
பிறகு அதே விளிம்பு, அதே வெயில்,
சிவப்புக் காலணியில் தூசுகூட இல்லை.

நாற்பத்தோரு தடவை விழுந்தேன். எண்ணினேன்.

வெய்யோ விழுந்தது ஒரே தடவை.
மூன்று மீட்டர்தான். கயிறு பிடித்துக்கொண்டது.
பதினைந்து நிமிடம் தொங்கினான்
ஒரு பல் மருத்துவரின் ஜன்னலுக்கு வெளியே.
அதன்பிறகு அவன் ஏறுவதில்லை.
ஊதுகிறான்.

நாற்பத்திரண்டாவது தடவை
விரலும் காலும் ஒன்றாகப் போயின.
நடுவில், மேலும் இல்லை கீழும் இல்லை,
அந்த மூச்சுச் சத்தம் நின்றுபோன அரை நொடி.
அதற்கு எங்கள் தொழிலில் பெயர் கிடையாது.
விழுந்து, உருண்டு, எழுந்தேன்.
நான் கத்திய கத்தலுக்குக்
கீழ்வீட்டில் வெப்பக்குழாயைத் தட்டினார்கள்.

காலையில் பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று.
பழைய நூற்பாலைப் பக்கத்து ஐந்து மாடி.
வெட்டிக்கொண்டே முகட்டின் முனைக்கு வந்தவள்
மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தேன்.
அடுத்த கட்டடம்.
எத்தனை வருடமாக அங்கேயே இருக்கிறது,
பார்த்ததே இல்லை.
நாலு மீட்டர் இருக்குமா?
மூன்று எட்டு, இடது கால் தகர மடிப்பில்,
பிறகு

கையுறைக்குள்
வலது கட்டைவிரல் தானாக அழுந்தியது.

ஓர் ஊதல்.

குனிந்து பார்த்தேன்.
தெருவில் ஆளே இல்லை.
வெய்யோ மட்டும், கழுத்தை மடக்கி,
என் கால்களையே பார்த்துக்கொண்டு.